பச்சைத் தக்காளியை மறைக்காத ராஜேஸ்வரி டீச்சர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த நேரத்தில் டீச்சரின் மகள் அழைத்தாள். "அக்கா, அம்மா போயிட்டாங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்ப்பதற்காகவே புறப்பட்டிருந்தேன். அவருக்காகக் காய்ச்சிய கஞ்சி மடியில் சூடு ஆறாமல் இருந்தது.

ராஜேஸ்வரி டீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெல்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் சிறு பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு இருபத்தாறு வருடம் பொறுப்பாக இருந்தவர். நான் அவருக்குப் பதினெட்டு வருடம் உதவியாள். அதில் பாதி நாள் சண்டையிலேயே போனது.

நான் சேர்ந்த நாளில் பிள்ளைகளைத் தூங்கவைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். டீச்சர் விடவில்லை. "பிள்ளைங்க என்ன மூட்டையா புஷ்பம், காலையில எறக்கி வச்சு சாயந்தரம் தூக்கிட்டுப் போக?" என்றார். தோட்ட ஆபீஸில் கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் கரட், போஞ்சி, கத்தரிக்காய் என்று தாமே வரைவார். முதலில் நிஜக் காயைப் பிள்ளையின் கையில் கொடுப்பார். தடவி, மோந்து, கடித்துப் பார்த்த பிறகுதான் கலர் பெஸ்டல் குச்சி கிடைக்கும். இரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தக் குச்சியையும் கடித்துத்தான் பார்த்தார்கள்.

ஒரு தடவை கண்டியிலிருந்து, கலர் பூசுவதற்கென்று அச்சடித்த காய்கறிப் படங்கள் வந்தன. அந்தச் சமயம் கையில் தக்காளி இல்லை. காயைக் காட்டாமலேயே டீச்சர் படத்தைக் கொடுத்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் தக்காளிக்குப் பச்சை பூசின. டீச்சர் கைபிடித்துச் சிவப்புப் பூசவைத்தார். இரண்டரை வயது நிஷா சிவப்புக் குச்சியை வீசிவிட்டுப் பச்சையை எடுத்தாள். மூன்று நாளாக இதே மல்லுக்கட்டு.

மூன்றாம் நாள் மாலை நிஷாவின் அம்மா சிரித்துவிட்டாள். "எங்க லயத்து வீட்டுப் பக்கம் செவந்த தக்காளிய யாரு டீச்சர் பாத்தா? செவக்கிறதுக்குள்ள கொரங்கு கொண்டு போயிருமே. காயிலயே பறிச்சுக் கொழம்பு வச்சிருவோம்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்ததச் சொன்ன பிள்ளைங்கள மூணு நாளா பொய் சொல்ல வச்சிருக்கேனே" என்றார். பச்சைத் தக்காளிகளையே சுவரில் ஒட்டினார்.

வந்தது வினை. அதே வாரம் ஓர் உத்தியோகத்தர் பார்வையிட வருவதாகத் தகவல். பிள்ளைகள் குறைவு, பராமரிப்பும் போதாது என்று எங்கள் காம்பராவை மூடித் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக் காம்பராவோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மூடினால், தாய்மார் விடியற்காலைப் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் இறங்கி, வேலைக்கு மறுபடி ஏறவேண்டும். நான் பயந்துபோய், எட்டுத் தாளில் நானே சிவப்புப் பூசி வைத்தேன். டீச்சர் பார்த்தார். எட்டையும் பால் காய்ச்சும் அடுப்பில் போட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன டீச்சர், தக்காளி எல்லாம் பச்சையாக் கிடக்கு? பிள்ளையளுக்கு நிறம் தெரியாதோ?"

"நல்லாத் தெரியும் மேடம். கண்டதத்தான் பூசியிருக்காங்க. தெரியாம இருந்தது நான்தான்" என்றார் டீச்சர். குரங்குக் கதையை ஒளிக்காமல் சொன்னார். பிறகு லயத்துத் தோட்டத்துப் பச்சைக் காய் ஒன்றையும் அன்று கடையில் வாங்கிய பழம் ஒன்றையும் பாயில் வைத்தார். "பச்சை எது தங்கம்?" நிஷா காயைத் தொட்டாள். "சிவப்பு?" பழத்தைத் தூக்கியவள், யாரையும் கேட்காமல் ஒரு கடி கடித்தாள். சாறு அம்மையாரின் சேலையில் தெறித்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. அம்மையாரோ சேலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஓம், நானும் தக்காளியைக் கடையிலதான் கண்டிருக்கிறன்" என்றார். இந்த நிலையம் இங்கேயே இருக்கவேண்டும் என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். என் சிவப்புத் தாள்கள் சுவரில் இருந்திருந்தால் அவர் ஒரு நிமிடமும் நின்றிருக்கமாட்டார். அப்படிப்பட்ட டீச்சரோடு வேலை செய்தேன் என்பதில் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.

வியாழக்கிழமை இறுதி ஊர்வலம். காம்பராவை மூடிவிடலாமே என்றார்கள். நான் மூடவில்லை, மூடியிருந்தால் டீச்சர் எழுந்து வந்து ஏசியிருப்பார். காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். பகல் ஒன்றரை மணிக்குத் தப்பு மேளச் சத்தம் மேட்டிலிருந்து இறங்கிவந்தது. தப்படித்தவர்கள் எங்கள் பாயில் தூங்கி வளர்ந்த பையன்கள். காம்பராவை நெருங்கியதும் முன்னால் வந்தவன் கையைத் தூக்கினான். தப்பு நின்றது. "பிள்ளைங்க தூங்குற நேரம்" என்றான். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, டீச்சரைச் சுமந்தபடி சத்தமில்லாமல் கடந்தார்கள். நான் வாசலில் நின்று கும்பிட்டேன். வளைவு தாண்டிய பிறகுதான் தப்பு மறுபடி கேட்டது.

ஒரு பிள்ளையும் எழும்பவில்லை, டீச்சர். போய் வாருங்கள்.