மயிலாத்தாவை வரைந்த கை

பனியன் பெட்டியின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்குமே, அந்தக் குழந்தைகளில் பாதியைப் பெற்றவர் என் மாமன். திருப்பூரில் லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் அவர் ஆர்டிஸ்ட். யானை, மயில், விமானம், குழந்தை என்று கம்பெனிக்காரர்கள் எதைக் கேட்டாலும் வரைந்து கொடுப்பார். கீழே பெயர் போட்டுக்கொள்ள மட்டும் வழியில்லை. பனியனை விற்கிற படத்தில் படம் போட்டவனுக்கு என்ன வேலை என்று அவருடைய முதலாளி கேட்பாராம்.

அந்தக் குறை தீரத்தானோ என்னவோ, மாமனும் அவர் கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து தாங்களே ஒரு படக்கதைப் புத்தகம் போட ஆரம்பித்தார்கள். பெயர் ‘நூல்கண்டு’. கூட்டாளிகளில் ஒருவர், தன் அண்ணனுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்துக்கொண்டவர். எனக்கு டைப்பு மாமா. சோம்பேறிக் குமாஸ்தா ஒருவரைப் பற்றித் துணுக்குப் படங்கள் போடுவார். இன்னொருவர் சாமளாபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். தறிக்குழியில் உட்காரும் பேய் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ஓட்டிய கதைக்கு முடிவே கிடையாது. மாமன் துப்பறியும் கதை வரைந்தார். அவர் கதையில் திருடனும் துப்பறிபவரும் ஒரே மாதிரி கொழுத்த கன்னங்களோடு இருப்பார்கள்.

மெழுகுத் தாளில் இரும்புக் குச்சியால் கீறி, இன்ஸ்டிடியூட்டில் இருந்த டூப்ளிகேட்டரில் உருட்டி எடுப்பார்கள். அட்டைக்கு அச்சகத்தில் வீணான லேபிள் தாள்கள். அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அட்டையின் உள்பக்கம் பாதி யானையோ தலையில்லாத குழந்தையோ இருக்கும். கம்பெனி விடும் நேரத்தில் வாசலிலும், டூரிங் டாக்கீஸ் வரிசையிலும் நின்று விற்பார்கள். ஒரு டீயின் விலைதான். ஆனால் வாங்குகிறவர்கள் பேய்க்காகவோ குமாஸ்தாவுக்காகவோ வாங்கவில்லை. மயிலாத்தாவுக்காக வாங்கினார்கள்.

மயிலாத்தா மழை பொய்த்த ஊரிலிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் கைமடிக்கிற, அதாவது தையலுக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற பெண். சூப்பர்வைசரை ஏய்ப்பாள், கணக்குப்பிள்ளையின் குடுமியைத் துணியோடு வைத்துத் தைத்துவிடுவாள், அடுத்த பக்கத்திலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுவாள். அவள் நடையைப் பார்த்தால் பக்கத்தைவிட்டு இறங்கி வந்துவிடுவாள் போலிருக்கும். கதையின் கீழே, தையல் மிஷின் நூலுருளையின் பெயரில், ‘பாபின்’ என்று புனைபெயர் போட்டிருக்கும். படிக்கத் தெரியாத பெண்கள் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு மயிலாத்தாவைப் படித்துச் சிரிப்பார். பிறகு சொல்லுவார்:

“இந்த பாபினுங்கறவன் எவனோ, வேல வெட்டியில்லாம பொம்பளைங்களையே பாத்துட்டு உக்காந்திருப்பானாட்ட இருக்குது. இல்லாட்டி இத்தனை தெரியுமா?”

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் சின்னம்மா முகத்தை முறத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளும். பாபின் சின்னம்மாதான்.

அம்மாவுக்கும் மாமனுக்கும் தங்கையான சின்னம்மா, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் இருந்தது. அப்புச்சி வீடும் எங்கள் வீடும் ஒரே வளவில் அடுத்தடுத்து இருந்தன. மற்ற வீடுகளில் எல்லாம் கம்பெனிக்குப் போகும் பெண்கள். சாயங்காலம் குழாயடியில் அவர்கள் பேசுவதையெல்லாம் சின்னம்மா குடத்தை நிறைக்கிற சாக்கில் கேட்டுக்கொள்ளும். மறுநாள் அப்புச்சி சந்தைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுத் தாளில் கீற உட்காரும். அதில் கீறினது கீறினதுதான், அழித்துத் திருத்துவது பெரும்பாடு. சின்னம்மாவுக்குத் திருத்த வேண்டியே வந்ததில்லை. மாமன் அதை லேபிள் தாள்களுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போவார். டூப்ளிகேட்டர் எப்படியிருக்கும் என்று சின்னம்மா ஒரு நாளும் கண்டதில்லை. என்னைத்தான் கேட்கும். நான் ரோட்டு ரோலர் மாதிரி இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அவிநாசித் தேருக்கு அந்த வருஷம் எல்லோரும் போனோம். மாமனும் கூட்டாளிகளும் சாக்கை விரித்துப் புத்தகங்களைப் பரப்பினார்கள். நானும் சின்னம்மாவும் பொரி வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றோம். வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் புத்தகத்தை எடுத்து, வெயிலில் நின்றபடியே மயிலாத்தாவை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார். கோயமுத்தூரில் அச்சாபீஸ் வைத்திருக்கிறாராம், கதைப் புத்தகங்கள் போடுகிறவராம்.

“இந்த பாபின் யாருங்க?” என்றார்.

டைப்பு மாமா சாமளாபுரத்தாரைப் பார்த்தார். சாமளாபுரத்தார் தேரைப் பார்த்தார். சின்னம்மா பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஓரடி முன்னால் வைத்தது.

“நானுங்க” என்றார் மாமன்.

சின்னம்மா வைத்த காலை எடுத்துக்கொண்டது.

பெரியவர் மாமன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயிலாத்தாவை வண்ண அட்டையோடு தனிப் புத்தகமாகப் போடலாம், வரைந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும் வண்டியில் மாமன் சின்னம்மாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார்.

“பேரு உன்றதுதான் கண்ணு. பாபின்னுதான் போடப்போறாங்க. நான் சும்மா போயிப் பேசிட்டு வாறேன். அப்பனுக்குத் தெரிஞ்சுதுன்னா எல்லாத்தையும் அடுப்புல போட்ருவாரு. பொண்ணு பாக்க வர்ற எடத்துலயும் ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க.”

“செரீங்ணா” என்றது சின்னம்மா. அதன் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வீடு வந்து சேரும்வரை என் உள்ளங்கையில் விரலால் எதையோ வரைந்துகொண்டே வந்தது.

அடுத்த சில நாட்கள் சின்னம்மாவுக்குச் சோறு தண்ணி நினைவில்லை. கோயமுத்தூர்க்காரருக்காகவே மயிலாத்தாவின் புதுக் கதை ஒன்றை நல்ல தாளில், மையில் வரைந்தது. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டு என் அம்மாவிடம் வசவு வாங்கியது. பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, கோயமுத்தூர் டாக்டரிடம் காட்டிவருகிறேன் என்று மாமன் அப்புச்சியிடம் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கு நடந்த அத்தனையையும் நான் நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அச்சாபீசில் எனக்குக் குடிக்கக் கலர் கொடுத்தார்கள். பெரியவர் புதுக் கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் மாமன் பக்கம் தள்ளினார்.

“அட்டைக்கு மட்டும் ஒண்ணு வேணுமுங்க. கம்பெனி விட்டு மயிலாத்தா சோத்துத் தூக்குப்போசியோட வெளிய வர்றா. லேசாக் கீறிக் காட்டுங்க, பிளாக் செய்யறவனுக்குச் சொல்லணும்.”

மாமன் வீட்டில் வரைந்து அனுப்புவதாகச் சொன்னார். பெரியவர் சிரித்தார். “உங்க கைக்கு அஞ்சு நிமிசமாகுமுங்களா?”

மாமன் வரைந்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தும் அவர் காதோரம் வேர்வை ஓடியது. கம்பெனி கேட் மிக நன்றாக வந்தது. தூக்குப்போசியில் வெளிச்சம் படுகிற இடம்கூடச் சரியாக இருந்தது. மயிலாத்தாவுக்கு மட்டும் கொழுத்த கன்னமும் கன்னத்தில் குழியும் விழுந்து, பனியன் பெட்டிக் குழந்தை சேலை கட்டிக்கொண்டு வந்தது போலிருந்தாள்.

பெரியவர் அதையும் புதுக் கதையின் ஒரு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இது அந்தக் கை இல்லீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “மூஞ்சில உசுரில்லீங்களே இதுல. வரைஞ்சவங்க யாரோ, அவங்களக் கூட்டிட்டு வாங்க. யாரா இருந்தாலும் செரி. நான் காத்துட்டிருக்கறேன்.”

மாமன் புதுக் கதையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பார்த்தேன். எப்போதும் போல மை அப்பிக்கொண்டு, என் மாமனின் கையாகத்தான் இருந்தது. வேறு எந்தக் கையைக் கேட்கிறார் இந்த மனிதர் என்றிருந்தது எனக்கு. வெளியே வந்து ஓட்டலில் எனக்கு ரோஸ்ட் வாங்கிக்கொடுத்தார் மாமன். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார்.

வளவுக்குள் நுழையும்போது சாயங்காலம். சின்னம்மா நிறைந்து வழிகிற குடத்தைக் கவனிக்காமல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தது. மாமன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆகாதுன்னுட்டாரு கண்ணு. பொஸ்தகமாப் போடற அளவுக்கு இல்லையாமா.”

“எது ஆகலையாமாங்ணா?”

மாமன் கொஞ்சம் யோசித்தார். “மூஞ்சில உசுரில்லையாமா” என்றார்.

சின்னம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட உட்கார்ந்தது. சீப்பு போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது.

“அவரு வேற என்ன கண்ணு சொன்னாரு?”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கலர் கொடுத்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன். மாமன் ஒரு படம் வரைந்ததையும், அதைப் பார்த்துவிட்டு, ‘இது அந்தக் கை இல்லீங்களே, வரைஞ்சவங்களக் கூட்டிட்டு வாங்க, காத்துட்டிருக்கறேன்’ என்று பெரியவர் சொன்னதையும் சொன்னேன்.

சீப்பு நின்றுவிட்டது.

“இன்னொருக்காச் சொல்லு.”

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் சத்தமாகச் சொன்னேன். கதவுக்கு வெளியே மாமன் கால் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

சின்னம்மா என்னைத் தன் பக்கம் திருப்பி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தது. அதன் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது. வாசலில் மாமனின் நிழல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது.

அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை. மாமன் வந்து, வா போகலாம் என்று கூப்பிடுவார் என்று சின்னம்மா காத்திருந்திருக்க வேண்டும். தனியாகப் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போவது அந்த வளவில் எந்தப் பெண்ணாலும் ஆகாத காரியம். பொய் தெரிந்துவிட்டதே, இனி தங்கச்சி ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா, கேட்டால் காலில் விழுந்தாவது கூட்டிப்போவோமே என்று மாமனும் காத்திருந்திருக்கலாம். இதெல்லாம் நான் பிள்ளை பெற்ற பிறகு நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமன் மெழுகுத் தாளைக் கொண்டுவந்து வைத்தாலும் அது வைத்த இடத்திலேயே கிடந்தது என்பதுதான்.

கம்பெனி வாசலில் பெண்கள், “மயிலாத்தா எங்கீங்க, ஊருக்குப் போயிட்டாளா?” என்று கேட்டார்கள். மாமன் தானே ஒரு மயிலாத்தாவை வரைந்து போட்டார். ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, “இவ வேற எவளோங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ‘நூல்கண்டு’ வரவில்லை. சாமளாபுரத்தாரின் பேய் தறிக்குழியிலேயே தங்கிவிட்டது.

பல வருஷம் கழித்து உடுமலைப்பேட்டையில், சின்னம்மாவின் தோப்பு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் நான் இதைப் பற்றிக் கேட்டேன். அது தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுக்கொண்டே, “அந்த மனுசன் அப்பிடிச் சொன்னாரே, அதே போதுங் கண்ணு” என்றது. போதும் என்று சொல்பவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்னம்மாவின் முகம் அப்படி இல்லை. மாமன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அச்சாபீஸ் பெரியவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

சின்னம்மாவின் கல்யாணம் அந்தத் தேர் வருஷத்து ஆவணியிலேயே நடந்தது. அண்ணன் செய்யவேண்டிய சீரையெல்லாம் மாமன் தலை நிமிராமல் செய்தார். மாப்பிள்ளை வீட்டுக் கார் வளவு வாசலில் வந்து நின்றதும் எல்லோரும் அழுதார்கள். அப்புச்சிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காருக்குள் உட்கார்ந்த சின்னம்மா கூட்டத்தில் தேடிப்பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டது.

“மாமனை வரச் சொல்லு கண்ணு.”

மாமன் பந்தலுக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

“வேல கெடக்குது. போயிட்டு வரச் சொல்லு” என்றார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஓடிவந்து அதை அப்படியே சொன்னேன். சின்னம்மா தலையை ஆட்டிக்கொண்டது. கார் கிளம்பிவிட்டது. எங்கள் வகுப்பில் சிநேகிதிகள் காய் விட்டுக்கொண்டால் இப்படித்தான் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் பேசுவார்கள். இவர்களும் எதற்கோ காய் விட்டிருக்கிறார்கள், தீபாவளிக்குச் சின்னம்மா வந்தால் பழம் விட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் பந்திக்குப் போய் இன்னொரு லட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.