ஆறு கம்பி அறுந்தால் நிறுத்து

துணி மாட்டியது

கையை உயர்த்தினேன். சவரிமுத்து அண்ணன் எஞ்சினை நிறுத்துவதற்குள் கயிறு இன்னும் இரண்டு முழம் ஓடி, என் கையிலிருந்த துணியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பிக்கயிறு பரிசோதிக்கிறவனுக்குத் துணிதான் கண். மெதுவாக ஓடும் கயிற்றைத் துணியால் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். துணி மாட்டினால் அந்த இடத்தில் ஒரு கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரே இடத்தில் நான்கு கம்பி.

போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் கொட்டகை. மேலே தேயிலைத் தோட்டம். நடுவில், வரிசையாக நட்ட இரும்புக் கால்களின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் கயிறு. அதில் தொங்கும் தொட்டிகளில் தேயிலை இறங்கும், அரிசி ஏறும். திங்கட்கிழமைதோறும் தொட்டிகளைக் கழற்றிவிட்டுக் கயிறு முழுவதையும் துணிவழியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி கயிற்றை ஒரு தடவை சுற்றி வரும் தூரத்துக்குள், ஆறு கம்பி அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புதுக்கயிறு பின்ன வேண்டும். இந்த விதியைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் படித்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

இந்த மாதிரி வேலை பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவனை யாருக்கும் பிடிக்காது. நான்கு கம்பி என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். ராயப்பன்பட்டிக்காரர். எஞ்சின் டிரைவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாரத்தில் ஒரு நாள் எஞ்சினை ஆமை வேகத்தில் ஓட்டவைக்கிறேனே என்ற கோபம் அவருக்கு எப்போதும் உண்டு.

"நாலு வருசமா நல்லாத்தான தம்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ தடவித் தடவித்தான் அதுக்கு நோக்காடு வருது."


கழித்துப் போட்ட கப்பி

உடைவதற்கு முன்னால் கழற்றும் சாமான் எப்போதும் நல்ல சாமானாகத்தான் தெரியும். எங்கள் தொழிலின் சாபம் அது. முந்தின வருடம் ஐந்தாம் காலில் இருந்த கப்பியை மாற்றினேன். கயிறு ஓடி ஓடி அதன் பள்ளத்தில் விரல் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. மாற்றாவிட்டால் கயிறு நழுவும். பழையதைக் கொட்டகை ஓரத்தில் போட்டிருந்தேன். போடிச் சந்தைக்கு வந்த பண்ணைப்புரத்து விவசாயி பேச்சிமுத்து அதைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் கிணற்றில் மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் கொட்டகைக்கும் வந்து, கப்பி எவ்வளவு அருமையாக ஓடுகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அவர் கிணற்றில் அது தூக்குவது ஒரு சால் தண்ணீர்; இங்கே அதன் மேல் நாளெல்லாம் ஓடியது மூட்டை மூட்டையாகப் பாரம். இந்த வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் வெற்றிலையை எடுத்துவிடுவார்கள். நல்ல கப்பியைக் கழித்துப் போட்டவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

கயிற்றில் நான்கு கம்பி அறுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்றைக்கும் வந்தார். வெட்டி எடுக்கும் துண்டு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தன் கமலைக்கு ஆகுமா என்று விசாரித்தார். அந்த மலையடிவாரத்தில் என் பரிசோதனையை ஆவலோடு எதிர்பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

"இன்னும் ரெண்டு கம்பிதான? அடுத்த சந்தைக்கு வண்டி பூட்டியே வந்துர்றேன்."


பாதிப் பாரம்

அது யுத்த காலம். இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தோட்டத்துக்கு அரிசி, தேனியிலிருந்து வண்டியில் வந்து எங்கள் கயிற்றில்தான் ஏற வேண்டும். அதை அனுப்பும் கான்டிராக்ட் போடிக் கடைவீதியில் மண்டி வைத்திருந்த தேவதாஸ் அண்ணாச்சியிடம் இருந்தது. வாக்கு மாறாதவர், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதவர். நான்கு கம்பி அறுந்துவிட்டதால், அடுத்த பரிசோதனைவரை பாரத்தைப் பாதியாக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தொட்டிக்கு இரண்டு மூட்டை ஏற்றுகிற இடத்தில் ஒன்று. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஏழாம் கால் உச்சியில் மசகு போட ஏறியிருந்தேன். கீழே பார்த்தால் தொட்டிகள் பூச்சரம் மாதிரி நெருக்கமாக வந்துகொண்டிருந்தன. இரண்டு தொட்டி தொங்க வேண்டிய இடத்தில் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒழுங்காக ஒரே ஒரு மூட்டை. கயிற்றின் மேல் அதே பாரம். போதாததற்குக் காலித் தொட்டிகளின் எடை வேறு. இறங்கிக் கொட்டகைக்கு ஓடிவந்தேன். அண்ணாச்சி எனக்குத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். கயிறு எல்லாத் தொட்டிகளையும் சேர்த்துத்தான் சுமக்கிறது என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். ஏற்றுகிற ஆட்கள் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது.

"தொட்டிக்கு ஒரு மூட்டைன்னுதான சொன்னீக? எந்தத் தொட்டியிலயாச்சும் ரெண்டு இருக்கான்னு நீகளே பாத்துக்கங்க."


ஸ்கேல்

திங்கட்கிழமைவரை காத்திருக்கப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலமே துணியைப் பிடித்தேன். ஆறு.

எங்கள் மேலதிகாரி சூப்பிரண்டு, மதுரைக்காரர். கையில் மர ஸ்கேலோடு வந்தார். ஒரு முறுக்கு நீளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எந்த இடத்தில் வைத்தாலும் ஆறு வரக்கூடாது என்றேன். அவர் ஸ்கேலை வைத்து எண்ணினார். ஆறு வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். இதற்குள் மேலேயிருந்து, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி மாயாண்டி நடந்தே இறங்கி வந்திருந்தார். ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் நாளை ஒரு வேளைக்குத்தான் அரிசி இருக்கிறது, நாளை மறுநாள் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட இல்லை என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பின்ன இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளைக்கு மட்டும் ஆட்கள் இறங்கி வந்து தலைச்சுமையாக எடுத்துப் போகலாமே என்று கேட்டேன். நல்ல கயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் அரை நாள் மலையேறிச் சுமப்பான், தான் கூப்பிட்டால் தன்னைத்தான் அடிப்பார்கள் என்றார் கங்காணி. கயிறு அறுந்தால் அரிசியும் போகும், கீழே நடக்கிறவர்களும் போவார்கள் என்று சொன்னேன். இன்னும் அறுந்துவிடவில்லையே என்று சூப்பிரண்டும் கங்காணியும் ஒரே குரலில் சொன்னார்கள். நிறுத்து என்று புத்தகத்தில் எழுத எனக்கு உரிமை உண்டு; அதற்குக் கீழே ஓட்டு என்று எழுத சூப்பிரண்டுக்கு உரிமை உண்டு. அவர் ஸ்கேலை அரை விரல் நகர்த்தினார்.

"இங்கன வெச்சா அஞ்சுதானே வருது. நாளைக்குக் காலையில வழக்கம்போல ஓடட்டும்."


கயிற்றுக்குக் கீழே

விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை மூன்றாம் காலுக்குப் பக்கத்தில் கயிற்றுக்கு நேர் கீழே போகிறது. காலையில் நான் கொட்டகைக்குப் போகாமல் அங்கே போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மலைக்குப் போகிற பெண்களை மறித்து, கயிறு சரியில்லை, ஓடையைச் சுற்றிப் போங்கள் என்று சொன்னேன். சுற்றினால் அரை மைல் கூடுதல். அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கயிறு அசையாமல், பளபளவென்று, யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காததைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது விழப்போவது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். துணி மாட்டியது என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் நிற்கவில்லை. கடைசியாகப் போனவள் மட்டும் திரும்பிப் பார்த்து, குழந்தைக்குச் சமாதானம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"ஒங்க வேல ஒங்களுக்கு. விழுகப் போறப்ப ஒரு சத்தம் குடுங்க, ஒதுங்கிக்கிறோம்."


எஞ்சின் படுத்தது

ஏழு மணிக்கு வர வேண்டிய முதல் தொட்டி எட்டரை ஆகியும் வரவில்லை. கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். எஞ்சின் பாகம் பாகமாகக் கழற்றிக் கொட்டகை வாசலில் சாக்கின் மேல் பரப்பிக் கிடந்தது. அதன் நடுவில் முழங்கைவரை கரியோடு சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என்ன காரணமோ பற்றிக்கொள்ளமாட்டேன் என்கிறது, பொறுமையாகப் பார்த்தால் இரண்டு நாள் ஆகும் என்றார். சூப்பிரண்டு அவர் முகத்துக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று வேறு கேட்டார். என்னிடம் எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லை.

தேவதாஸ் அண்ணாச்சி செம்பு நிறையக் காப்பி அனுப்பினார். எஞ்சினுக்கு வந்தால் வந்ததுதான், மனுஷன் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். கங்காணி மாயாண்டி உடனே மலையேறிப் போய், பொழுது சாய்வதற்குள் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு இறங்கினார். அரிசியைச் சின்னச் சின்ன மூட்டையாகப் பிரித்துக் கட்டினார்கள். அன்றைக்குக் கொஞ்சம், விடிந்ததும் கொஞ்சம் என்று தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. முந்தின நாள் நான் கேட்டது இதைத்தான் என்று மாயாண்டியிடம் சொன்னேன். அவருக்கு நான் சொல்வது புரியவே இல்லை.

"அது வேற, இது வேறங்க. மிசினே படுத்துருச்சுன்னா நம்ம சொமந்துதான ஆகணும்."


சும்மா இருக்கிற நேரம்

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, எப்படியும் ஓட்டம் இல்லை, சும்மாதானே இருக்கிறீர்கள், அந்தக் கயிற்று வேலையை வேண்டுமானால் முடித்துவிடுங்கள் என்றார். எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற தோரணை. நானும் இரண்டு ஆட்களுமாகக் கயிற்றைத் தளர்த்தி, அறுந்த இடத்தை வெட்டி எடுத்தோம். புரிகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே, துணிக்கு எட்டாத ஆழத்தில், இன்னும் ஒன்பது கம்பி துருவேறி அறுந்திருந்தது. இன்னும் ஒரு நாள் பாரம் ஏற்றியிருந்தால் கயிறு போயிருக்கும். துண்டை எடுத்துக்கொண்டு போய் சூப்பிரண்டிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்குப் பின்னல் முடிந்தது. இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்து, துணி வைத்து உருவிப் பார்த்தேன். எங்கேயும் மாட்டவில்லை. முடிந்தது என்று கொட்டகைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன். யாரும் திரும்பவில்லை. சூப்பிரண்டும் அண்ணாச்சியும் எஞ்சினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத டிரைவருக்குக் கம்பெனியில் சொல்லி ஏதாவது செய்ய வேண்டும் என்றார் சூப்பிரண்டு. ஒரு வேட்டி எடுத்துக் கொடுப்பது தன் பொறுப்பு என்றார் அண்ணாச்சி.

உடைந்ததைச் சரிசெய்கிறவனுக்கு வேட்டியும் காப்பியும், உடையாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு மர ஸ்கேல் என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே ஒழுங்கு.

புதுப் பின்னலுக்கு மசகு தடவிக்கொண்டே எஞ்சின் பக்கம் பார்த்தேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணன், சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே எண்ணெய்க் குழாயின் குட்டிப் பித்தளை வால்வு இருந்தது. அது இல்லாமல் எந்த எஞ்சினும் பற்றிக்கொள்ளாது. அதை ஒரு தடவை ஊதிவிட்டு, அதன் இடத்தில் வைத்துத் திருகத் தொடங்கினார்.