அறிவுமதி தேர்ந்தெடுத்த கிட்டார்

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அறிவுமதிக்கு ஒன்பதாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷமும் காண்ட்ராக்ட்தான். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு வாரம் வீட்டில் உட்கார வைப்பார்கள். பிறகு புது ஆளைச் சேர்ப்பதுபோல வேறு நம்பர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே விடுவார்கள். நிரந்தர ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, அவளைப் போன்றவர்களுக்கு நீலம். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பலபேர் சாம்பல் சட்டைக்கு மாறிவிட்டார்கள். அவள் மாறவில்லை. ஏன் என்று கேட்பதையும் நான்காம் வருஷத்தோடு நிறுத்திவிட்டாள்.

வயது முப்பத்திரண்டு. வடக்குப்பட்டில் அம்மா கோவிந்தம்மாவோடு இருந்தாள். இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போன பிறகு அந்த வீட்டில் கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்பது பாதுகாப்பு வாரம் நடந்தபோதுதான் கம்பெனிக்குத் தெரிந்தது. பாட்டுக் குழு ஒன்றை வெளியிலிருந்து அழைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கிட்டார்க்காரரிடம் கேட்டு வாங்கி, கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, ஒரு கீர்த்தனையை மெதுவாக வாசித்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். தட்டைக் கழுவ வந்த ஹெச்.ஆர். அதிகாரி நம்பிராஜன் குழாயை மூடிவிட்டு, வாசித்து முடிக்கும்வரை நின்று கேட்டார்.

நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்த மாட்டார். ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துகிறபோதும் அதே குரல்தான். பத்து நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆண்டு விழாவுக்கு நம்ம ஆளுகளை வச்சே ஒரு ஆர்கெஸ்ட்ரா போடலாம்னு பிளான்ட் ஹெட் சொல்லுதாரு. கீபோர்டு, டிரம்ஸ் வாடகைக்கு. கிட்டார் மட்டும் சொந்தமா வாங்கிருவோம். பதினெட்டாயிரத்துக்குள்ள இருக்கணும். எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஒனக்குத் தெரியும்லா, நீயே பாத்து எடு."

"நானா ஸார்?"

"பின்ன? ஒன்னைய விட்டா இங்க யாரு இருக்கா."

அவர் சொன்னது அவ்வளவுதான். வாசிக்கப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் கற்றது ஊரில் இருந்த கிறிஸ்தவ சபையில் கிடந்த கிட்டாரில். யாரோ கொடுத்துவிட்டுப் போன பெரிய உடம்புக் கிட்டார் அது. கழுத்து வளைந்து, கம்பிகள் விரல்பலகையை விட்டு துணி காயப்போடும் கொடிபோல எழும்பி நின்றன. அழுத்தினால் விரல்நுனி வெட்டுப்பட்டதுபோல எரியும். பாட்டுக் குழுவில் வாசித்தவன் வேலைக்கென்று ஓசூர் போனதும் அவளாகவே எடுத்துக்கொண்டாள். செல்போன் வீடியோவைப் பார்த்தும், தப்புத் தப்பாகத் தட்டிப் பார்த்தும் வந்த கலை. அவளுக்குக் கை சின்னது. பிக் என்னும் பிளாஸ்டிக் வில்லையால் ஓங்கி வாசிக்க வரவில்லை. விரல்களால் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவாள். பாடுகிறவர்களின் குரலுக்குக் கீழேயே அந்த ஒலி ஓடும். சபையில் சிலபேருக்கு அவள் வாசிக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது.

இப்போது பதினெட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு கிட்டார். வாரம் முழுக்க வயரைக் கனெக்டரில் செருகும்போதெல்லாம் அதே நினைப்பு. அந்த விலைக்கு எது முக்கியம், எதை விட்டுவிடலாம்? முன்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் ஒரே மரத்தில் இருக்க வேண்டும். மெதுவாக மீட்டினாலும் அது பேசும், வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும். பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகையானால் போகட்டும். உடம்பு சின்னதாக, இடுப்பு ஒடுங்கி இருந்தால் தோள் தூக்காமல் உட்காரலாம். உள்ளே மைக் வைத்த கிட்டார் வேண்டாம். இந்த விலையில் மைக்குக்குக் கொடுக்கும் காசு மரத்திலிருந்துதான் போகும்.

வாராந்தர லீவில் தனியாகவே பஸ் ஏறிச் சென்னைக்குப் போனாள். அண்ணா சாலையில் இரண்டு கடை. அடுத்த வாரம் மறுபடியும். கோவிந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"லீவுல கூட வூட்ல இருக்க மாட்டியா நீ? கம்பெனி சாமான் வாங்க உன் காசுல பஸ் ஏறிகினு கீற."

"நான் வாசிக்கப் போறதும்மா. நான்தான் பாக்கணும்."

"எழுதிக் குடுத்தாங்களா?"

அறிவுமதி செருப்பை மாட்டினாள். அம்மா எதற்கும் எழுதிக் கொடுத்தார்களா என்றுதான் கேட்பாள். சிப்காட்டுக்கு நிலம் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று யாரோ வாயால் சொன்னதை நம்பி ஏமாந்த குடும்பம் அது.

இரண்டாவது கடையில் ஏழு கிட்டார்களை வாசித்துப் பார்த்தாள். விற்பனைக்காரர் முதலில் கறுப்பாக மின்னும் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுத்தார். மேடையில் எடுப்பாக இருக்கும் என்றார். அவள் அதை இரண்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் தலைப்பக்கத்திலிருந்து கண்ணருகே பிடித்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். விரல்பலகையின் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி, எந்தக் கட்டத்தில் ஒலி செத்துப்போகிறது என்று கேட்டாள். ஐந்தாவதாக வந்தது தேன் நிறத்தில் ஒரு சின்ன உடம்புக்காரி. கழுத்து மெலிசு. கம்பி விரல்பலகைக்கு மிக அருகில். பலகையெங்கும் பளபளப்பு இல்லை. சபைக் கிட்டாரில் அவளுக்கு ஒருநாளும் முழுசாக விழாத எஃப் கார்டு, ஒரே விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டிய சுரக்கூட்டு, அதில் முதல் தடவையே ஆறு கம்பியும் ஒலிக்க விழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீர்த்தனையை வாசித்தாள். டிரம்ஸ் பார்க்க வந்த ஒரு பெரியவர் அது முடியும்வரை நின்றுவிட்டு நகர்ந்தார்.

விற்பனைக்காரர் நேர்மையான மனிதர். "மேடம், இது உங்க கைக்கு அளவெடுத்த மாதிரி கீது. ஆனா ஓங்கி அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு ஆவாது, சொல்லிட்டேன். கம்பி பலகைல இடிக்கும்."

"நான் ஓங்கி அடிக்க மாட்டேங்க" என்றாள் அறிவுமதி.

விலை பதினேழாயிரத்து ஐந்நூறு. மறுவாரம் நம்பிராஜன் கம்பெனி காரில் வந்து கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிப் போனார். பையின்மேல் கம்பெனிச் சொத்து என்று ஸ்டிக்கர் ஒட்டி ஹெச்.ஆர். அறை பீரோவில் வைத்தார்கள்.

பயிற்சி எப்போது என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "சொல்லுதேன்மா" என்றார் நம்பிராஜன். மூன்றாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டீஸ் போர்டில் பெயர்கள் ஒட்டியிருந்தன. கிட்டார்: சிவசங்கர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் சாம்பல் சட்டைக்காரர்கள்.

அவளோடு ஒரே மேசையில் வேலை செய்யும் இந்திராணிதான் அவளுக்கு முன்னால் அதைப் பார்த்தவள். "அக்கா, உன் பேரு இல்லக்கா" என்றாள். பிறகு, தான்தான் தப்புச் செய்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அறிவுமதி டீ இடைவேளையில் ஹெச்.ஆர். அறைக்குப் போனாள்.

"ஸார், லிஸ்ட்ல என் பேரு இல்ல."

நம்பிராஜன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ காண்ட்ராக்ட் ரோல்லல்லா இருக்க. நிகழ்ச்சியெல்லாம் கம்பெனி ஆளுகளுக்கு உள்ளது. அன்னைக்கு அவுக எல்லாம் விழாவுக்கு வந்துருவாக, லைன் ஓடணும்லா. அதுக்கு நீங்கதான் இருக்கணும்."

"அப்ப என்னை ஏன் ஸார் வாங்கச் சொன்னீங்க?"

"ஒனக்குத் தெரியும்னுதான். நீ வாசிப்பன்னு நான் சொன்னேனா?"

அவர் சொல்லவில்லைதான். அதுதான் அவளை அதிகம் சுட்டது. திட்டியிருந்தால், ஏமாற்றியிருந்தால், கோபப்பட ஒரு பிடி இருந்திருக்கும். திரும்பி வந்து அன்று சாயங்காலம்வரை ஒரு கனெக்டர்கூடத் தப்பாமல் செருகினாள்.

நாலு நாள் கழித்து மறுபடி அழைப்பு. இந்தத் தடவை மீட்டிங் ஹாலுக்கு. குழுவே உட்கார்ந்திருந்தது. நடுவில் அவளுடைய தேன் நிறக் கிட்டார் சிவசங்கரின் மடியில். சிவசங்கருக்கு அகன்ற கை, கல்லூரி மேடைகளில் கத்திப் பாடிய பழக்கம். தடித்த பிக்கால் ஓங்கி ஓர் அடி அடித்தார். தாழ்ந்திருந்த கம்பிகள் கட்டங்களில் மோதி, தகர டப்பாவில் ஆணி போட்டு ஆட்டியதுபோலச் சலசலத்தன.

"நீங்கதான் இத செலக்ட் பண்ணீங்களா?" என்றார்.

"ஆமா ஸார்."

"பதினேழாயிரத்துக்கு இதுவா கெடச்சுது? இதுல பாதி விலைக்கு நல்லதா கெடைக்கும். கடையில உங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

யாரோ சிரித்தார்கள். நம்பிராஜன் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. பில்லில் கையெழுத்து அவருடையது. அவர் முகத்தில் இருந்தது அந்தக் கவலை மட்டும்தான்.

அறிவுமதி கையை நீட்டினாள். "கிட்டார்ல கோளாறு இல்ல ஸார். மெதுவா வாசிக்கிற கைக்குப் பாத்து எடுத்தது. குடுங்க, காட்றேன்."

சிவசங்கர் தயங்கிவிட்டுக் கொடுத்தார். அவள் நின்றபடியே, ஒரு காலை நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்து, அரை நிமிஷம் வாசித்தாள். சலசலப்பு இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்று பேசியது. சிரித்தவன் செல்போனைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சிவசங்கர் கடைசியில். "வீட்டுல உக்காந்து வாசிக்க. ஸ்டேஜுக்கு இது ஒதவாது. மாத்திடலாம் நம்பிராஜன்."

பில் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. கடையில் மாற்ற மாட்டார்கள். நம்பிராஜன் அவளை வராண்டாவுக்கு அழைத்துப் போனார். "இதச் சரிபண்ண வழி உண்டா? ஆடிட்ல கேட்டா நான்தானம்மா பதில் சொல்லணும். அடுத்த மாசம் ஒன் ரினிவலும் வருது."

இரண்டையும் ஒரே மூச்சில், அதே குரலில் சொன்னார்.

வழி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைப் பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்த்தாள். ஆனால் கமிஷன் வாங்கினாள் என்ற பேச்சோடு அந்தக் கிட்டார் பீரோவில் கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை. தடித்த கம்பி ஒரு செட் வாங்கி வரச் சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.ஆர். அறைத் தரையில் உட்கார்ந்து வேலையைச் செய்தாள். மெலிந்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை உருவி எடுத்து, அதன் அடியில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அளவாக வெட்டி வைத்து உயர்த்தினாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ என்ற வளைந்த சாவியால் கால் சுற்றுத் தளர்த்தினாள். தடித்த கம்பிகளை மாட்டிச் சுருதி கூட்டினாள். பிறகு எஃப் கார்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் வலித்ததே தவிர, மூன்று கம்பி ஊமையாக நின்றது. இன்னும் அழுத்தினாள். இரண்டு.

சிவசங்கர் வந்து நாலு அடி அடித்தார். "இப்ப ஓகே. முன்னாடியே இத பண்ணியிருக்கலாமே?" என்றார்.

விழா நாளில் இரண்டு லைனை நீலச் சட்டைகள் மட்டும் ஓட்டினார்கள். மைதானம் இருநூறு அடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் வயர் வெட்டும் இயந்திரங்களின் சத்தத்தில் பாட்டு ஒன்றும் உள்ளே வரவில்லை. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கேடயம் கிடைத்ததாகப் பிறகு சொன்னார்கள். மறுநாள் நம்பிராஜன் மீந்த இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அவள் அதைப் பிரிக்காமல் இந்திராணியிடம் கொடுத்துவிட்டாள்.

ரினிவல் வந்தது, ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும். ஆர்டர் குறைந்துவிட்டது என்றார்கள். அது முடிந்ததும் நிறுத்தப்பட்ட நாற்பது பேரில் அவளும் இந்திராணியும் இருந்தார்கள். அதற்கும் கிட்டாருக்கும் தொடர்பு இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருக்காது என்று அவளுக்கும் தெரியும். அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்தக் கிட்டாரை விலைக்குத் தருவீர்களா, தவணையில் கட்டிவிடுகிறேன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"கம்பெனிச் சொத்தை ஆளுகளுக்கு விக்க முடியாதும்மா" என்றார் நம்பிராஜன். பீரோவுக்குள் அது கம்பி தளர்த்தப்படாமல் படுத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இழுப்பு தாங்காமல் மெலிந்த கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளையும். தளர்த்தி வையுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் வந்துவிட்டாள். சொல்லாததில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அது அன்றைக்கு மட்டும்தான் நீடித்தது.

ஒரு மாதம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் வேறு ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, அவளும் இந்திராணியும் போனார்கள். இருவரும் அருகருகே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். பெயர், ஊர், முன் அனுபவம். கடைசியில் பிற திறமைகள் என்று ஒரு கட்டம்.

இந்திராணி எட்டிப் பார்த்தாள். "அக்கா, கிட்டாருன்னு எழுதுக்கா."

"இன்னாத்துக்கு?" என்றாள் அறிவுமதி. அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜன்னலில் நீட்டினாள்.