கேள்விக்குறிகளாகிப் போன பெயர்

என் அப்பாவின் பெயரைப் தோட்டத்துக் கணக்கெழுதும் பழைய கிராணி ஒருவர் காதில் விழுந்தபடி ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதிவைத்தார். அந்தத் தப்பு இன்றும் என் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லித் திட்டி வளர்ந்த நானே தேயிலைத் தோட்டத்தில் கிராணியாகி, அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஓர் இணையப்பக்கம் செய்திருந்தேன். பெயருக்கு ஒரு கட்டம், வீட்டுக்குச் சொல்லும் சேதிக்கு ஒரு கட்டம். ஏதாவது ஆனால் ஊரில் உள்ளவர்கள் தேடிப் பார்க்கட்டும் என்ற எண்ணம். சோதித்தபோது என் பெயரை ரூமியில்தான் அடித்தேன். தமிழில் ஒரே ஒரு முறை அடித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தோன்றவில்லை, மடையன்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட ஓர் ஆப்கானியன் வந்தான். பேச்சு பாரசீகம். எங்களுக்கு அவன் வெறும் "பாய்". ஆள் அனுப்பிய குத்தகைக்காரர் பட்டியலிலும் பாய்தான். ரிங்லெட் ஊருக்கு இறங்கும் மலை வளைவில் அவன் ஏறிப்போன லோரி கவிழ்ந்தது. மருத்துவமனையில் என் கைப்பேசியில் பாரசீக விசைப்பலகை போட்டு, பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். சுண்டுவிரல் இல்லாத இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக நிதானமாக எழுதி அனுப்பினான். "சுடா" என்றான், முடிந்தது என்று மலாயில். மறுநாள் இறந்துவிட்டான்.

பக்கத்தைத் திறந்தால், ???? ?????. கீழே சேதியும் இரண்டு வரிக்குக் கேள்விக்குறிகள்தான். கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கும் மச்சானைக் கூப்பிட்டேன்.

"காட்டுறதுல தப்புன்னா சரி பண்ணிடலாம் மச்சான். இது சேமிக்கும்போதே எழுத்து போயிடுச்சுலா. டேட்டாபேஸ்ல இருக்கிறதே கேள்விக்குறிதான்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாது மச்சான்."

அரை மணி நேரத்தில் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தான். இப்போது பாரசீகம் அழகாகத் தெரிகிறது. எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, தோட்டத்தின் பெயரைத் தேடி வந்த ஒரு பெண் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தேன். தம்பியிடமிருந்து போனே இல்லை, இடது சுண்டுவிரல் இருக்காது, பெயர் இது. அந்தப் பெயரை எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்த எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்து, கேள்விக்குறிகளோடு ஒப்பிட்டு எண்ணினேன். ஐந்து. இடைவெளி. நான்கு.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரே வரி வந்தது, ஓர் எழுத்தும் சிதையாமல்: "அம்மா கேட்கிறார், கடைசியாக என்ன எழுதினான்?"

இரண்டு வரி எழுதினான், நான் தொலைத்துவிட்டேன் என்று அடித்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.