விரலுக்கு வளைந்த இரும்பு

தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. முப்பது வருடம் தைத்தவள். எந்தத் தையல் மெஷின் மக்கர் செய்தாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவாள். பழைய மெஷின்களில் துணியை நகர்த்தும் இரும்புப் பல் தேய்ந்தால் மாற்று கிடைப்பதில்லை. ‘நானே செஞ்சுக்கறேன்’ என்று இரும்பைச் செதுக்கும் சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் மரமேஜை மேல் உட்கார வைத்தாள்.

எஃகைத் தொட்டதும் அது அலறியது. வெட்டிய இடம் எலி கொறித்ததுபோல் இருந்தது. சுழன்று வெட்டும் கட்டர்களில் ஐந்து ஒரே வாரத்தில் முனை உடைந்தன.

“கட்டர் விக்கிறவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்குத்தான் முதல் பத்திரிகை,” என்றார் பஸ் கண்டக்டரான கணவர்.

“கேலி போதும். அந்த விளக்கை இப்படித் திருப்புங்க. கட்டர் நேரா சுத்துதான்னு பாக்கணும்.”

மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் முள் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜை, கட்டரைத் தொடும்படி நிறுத்தியிருந்தாள். விளக்கை எட்டுவதற்காக அவர் மெஷினின் தலையில் கை ஊன்றினார். முள் துள்ளியது.

“ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணலை!”

“கையை எடுங்க. இப்ப ஒரே ஒரு விரலால தள்ளுங்க.”

தள்ளினார். முள் நகர்ந்தது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மெஷினின் தலையைத் தாங்கி நிற்கும் தூணை அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கிவந்த இரும்பு, ஒற்றை விரலுக்கு வளைகிறது! அப்படியென்றால் எஃகு எதிர்த்துத் தள்ளும்போது? தூண் பின்வாங்கும், மறுகணமே திரும்பி வந்து மோதும்.

“பாவங்க அந்தக் கட்டர். இத்தனை நாளா வெட்டவே இல்லை. அடிதான் வாங்கியிருக்கு.”

மூன்று வாரம் பாடுபட்டாள். மரமேஜை போய்க் கனத்த காங்கிரீட் மேடை வந்தது. தூணின் முதுகில் தடித்த எஃகுத் தகட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினாள். மெஷின் முன்னும் பின்னும் நகரும் சறுக்குத் தடங்களில் ஆட்டம் கண்டவற்றை இறுக்கி, நகர வேண்டாத பக்கத்தைப் பூட்டினாள். கட்டரை வேண்டிய அளவுக்கு மட்டுமே வெளியே நீட்டினாள்.

மிச்சமிருந்த ஒரே கட்டரை எஃகில் இறக்கினாள். அலறல் இல்லை. புதுத்துணியைக் கிழிப்பதுபோல் சீரான ஓசை. சீவல்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. பற்கள் ஒவ்வொன்றாய்க் கூர்மையாக எழுந்தன. கட்டர் முனையில் கீறல்கூட இல்லை. வெட்டிய பரப்பில் நகத்தை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை.

“இன்னொண்ணு வெட்டேன்,” என்றார் அவர், ஸ்டூலை இழுத்துப் போட்டபடி. “சும்மா பாக்கணும்போல இருக்கு.”