பைக்குள் இருந்த காற்று

எங்கள் தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்த தையல்காரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவளைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியை விட்டுவிடலாமே என்கிறாள் என் மகள். விடமாட்டேன். நான் சொன்னபடியே எழுது.

எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு அவள் குடிவந்தபோது கையில் ஒரு தையல் மெஷின், வாயில் நாலு குண்டூசி. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவார். ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். "எடுத்துட்டுப் பேசேண்டி, முழுங்கித் தொலைக்கப் போற" என்றால், "எடுத்தா பேச்சே வரமாட்டேங்குது பெரியம்மா" என்பாள். ஒரே மகள். தவழ்கிற வயதில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்ததால் தெருவுக்கே அவள் 'பொத்தான்'.

தெருவுக்குப் பின்னால் ஒரு வார்ப்புப் பட்டறை. பழைய இரும்பையும் பித்தளையையும் உருக்குகிற இடம். உலை மூடியைத் திறக்கும் முன் ஆட்கள் விலகட்டும் என்று, தொங்குகிற தண்டவாளத் துண்டில் டங், டங், டங் என்று மூன்று அடி அடிப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவையோ நான்கு தடவையோ. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எங்கள் தெருப் பெண்கள் போட்டது போட்டபடி எழுந்துவிடுவோம். கொடியில் கிடக்கிற துணியை அள்ளுவோம், தண்ணீர் டிரம்மை மூடுவோம், பின்பக்க ஜன்னலைச் சாத்துவோம். அப்புறம்தான் கரும்புகை வரும். அரை மணி கழித்து எல்லாவற்றையும் திறப்போம். முப்பது வருஷமாக இப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, கால் தானாகப் போகும்.

தையல்காரிக்கு அது ஒத்துவரவில்லை. அவளுக்கு வந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. ஜன்னலைச் சாத்தினால் தையல் தெரியாது, திறந்தால் வெள்ளையில் கரிப்பொடி உட்காரும். அதைவிடப் பொத்தானின் மூச்சு. ஆறு வயது ஆவதற்குள் அந்தக் குழந்தையின் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. "இந்தத் தெருவுல இருக்கிற வரைக்கும் மருந்து பாதிதான் வேலை செய்யும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு மாற அவர்களால் முடியாது. வேறு ஊரில் இருக்கும் அவள் அண்ணன், குழந்தையை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்றாள்.

தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தினம் ஒன்றாக ஜன்னல் கம்பியில் குத்தி வைத்தாள். சாயங்காலம் எடுத்து நாள் எழுதி வைப்பாள். உலை ஓடாத நாள் துணி வெளுப்பு, ஓடிய நாள் சாம்பல். அறுபது துணியை நூலில் கோத்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "துணியை வெச்சு நான் என்னம்மா பண்றது? எண்ணு கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கும் சளைக்கவில்லை. ஒரு கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி, காற்றை அளக்கிற பெட்டிகள் ஏழு வாங்கி வந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். நெற்றியில் ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், ரொம்பக் கெட்டால் சிவப்பு. எண்ணெல்லாம் உள்ளேயே பதிவாகும்.

பெட்டியை மாட்டும் முன் தெருவில் எல்லாரையும் கூட்டினாள்.

"முதல்ல நம்ம புகைய நிறுத்தணும். மூலையில குப்பைய எரிக்கிறோமே, அது இனிமே கிடையாது. நாம எரிச்சுக்கிட்டே அவங்களக் கை காட்டினா காறித் துப்புவாங்க."

"அப்ப என் பெட்டியையும் தூக்கிப் போடச் சொல்றியா?" என்றார் கரிப்பெட்டி வைத்திருந்த இஸ்திரிக்காரர்.

"கரண்டுப் பெட்டிக்கு மாறுங்கண்ணே. உங்க மீசையாவது வெளுக்கும்."

"மீசை ஏற்கெனவே வெளுத்துதான் இருக்கு. கரியாலதான் கறுப்பா தெரியுது. மானத்த வாங்காதே."

எல்லாரும் சிரித்தோம். நான் மட்டும் சருகு எரிப்பதை விடமாட்டேன் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றேன். அவளே வந்து என் வாசல் சருகைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் தடவை வந்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் அந்த மூலையில் சாம்பலே இல்லை.

பட்டறைக்கு ரொம்பக் கிட்ட இருப்பது என் வீட்டு மாடிப் பின்பக்கம். புகைபோக்கி கைக்கெட்டும் தூரம். "உங்க பெட்டிதான் பெரியம்மா முக்கியம். இதுல தெரியறத வெச்சுத்தான் மத்ததையே பேச முடியும்" என்று சொல்லி அவளே ஆணி அடித்து மாட்டினாள். எனக்கு எண் படிக்கத் தெரியாது. "விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, போதும்" என்றாள்.

எனக்கு அவ்வளவு பெருமை. கல்லூரிச் சாமான், இரவல் சாமான், என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாள். தினம் ஈரத்துணியால் துடைத்தேன். முதல் நாள் தண்டவாளம் அடித்தார்கள். துணியை அள்ளினேன், டிரம்மை மூடினேன், ஜன்னலைச் சாத்தினேன். பெட்டி மட்டும் வெளியே அனாதையாகத் தொங்கியது. புதுச் சாமானைக் கரியில் விடலாமா? என் மருந்துச் சீட்டுகளை வைத்துக்கொள்ள மழைக்கோட்டுத் துணியில் தையல்காரி ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்திருந்தாள். சீட்டுகளைக் கொட்டிவிட்டு, பையைப் பெட்டிமேல் மாட்டிச் சுருக்கை இழுத்துக் கட்டினேன். அவள் தையல் நெருக்கமான தையல். சொட்டுத் தண்ணீர் இறங்காது, காற்று எங்கே இறங்கப்போகிறது? புகை போனதும் அவிழ்த்தேன். பச்சையாக மினுக்கியது. நன்றாகக் காப்பாற்றிவிட்டோம் என்று அதைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்று மாதம், ஒரு உலைகூடத் தவறாமல் இப்படிச் செய்தேன்.

அதிகாரி பள்ளிக்கூட ஹாலில் விசாரணை வைத்தார். பட்டறைக்காரர் முதல் வரிசை. தையல்காரி அன்றைக்கு வாயில் ஊசி இல்லாமல் வந்திருந்தாள், முகமே வேறு மாதிரி இருந்தது. அதிகாரி தாளைப் புரட்டினார்.

"ஆறு வீட்டுல காத்து கெட்டுருக்கு, சரி. ஆனா பட்டறைய ஒட்டி இருக்கிற ஏழாவது வீட்டுல உலை ஓடுற நேரத்துலதான் காத்து ரொம்ப நல்லா இருக்கு. எப்படி?"

"அந்தப் பெட்டி ரிப்பேரா இருக்கும் சார்" என்றாள் அவள்.

"சோதிச்சாச்சு. பெட்டி நல்லா இருக்கு."

பட்டறைக்காரர் எழுந்து, "அவங்க அடுப்புப் புகையும் குப்பைப் புகையும் அய்யா. என் தலையில கட்டப் பாக்கிறாங்க" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெட்டி பார்க்க வேண்டியதே அந்தப் புகையைத்தான். நான் அதன் கண்ணைக் கட்டி வைத்திருந்திருக்கிறேன். எழுந்து சொல்லியிருக்கலாம். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புகார் தள்ளுபடி ஆனது.

வெளியே வந்ததும் தெரு அவள்மேல் பாய்ந்தது. "உன் பேச்சைக் கேட்டுக் கரிப்பெட்டிய வித்தேன், பலன் என்ன?" என்றார் இஸ்திரிக்காரர். "படிச்சவ மாதிரி பேசுனியே" என்றாள் ஒருத்தி. அவள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நடந்தாள். என்னிடம் வந்து, "நீங்க சாப்பிட்டீங்களா பெரியம்மா? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு" என்றாள்.

அடுத்த வாரம் அண்ணன் வந்து பொத்தானை அழைத்துக்கொண்டு போனார். குழந்தை என் வீட்டுக்கு வந்து, ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டி, "பாட்டி, இது விழுந்தா அம்மாகிட்டதான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ் திரும்புகிற வரைக்கும் நான் கையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

பத்தொன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்மாடியில் மெஷின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

இருபதாம் நாள், பெட்டியைக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் என் மாடிக்கு வந்தாள். அப்போது பட்டறையில் தண்டவாளம் அடித்தார்கள். சொல்ல வாய் வராததால் செய்து காட்டினேன். கொடித் துணியை அள்ளினேன். டிரம்மை மூடினேன். ஜன்னலைச் சாத்தினேன். பையை எடுத்துப் பெட்டிமேல் மாட்டிச் சுருக்கை இழுத்துக் கட்டினேன்.

"இப்படித்தான்டி" என்றேன்.

பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகை வந்தது. இருவரும் இருமினோம்.

"எத்தனை நாளு?"

"மூணு மாசமும். கரி படக்கூடாதேன்னு."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். "அன்னிக்கு ஹால்ல" என்றேன்.

"பை கட்டினது தெரியாம செஞ்சது பெரியம்மா. அத நான் ஒண்ணும் சொல்லல." கையை நீட்டிச் சுருக்கைப் பிடித்தாள். "பொத்தான் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சுருக்கை அவிழ்த்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் நானே அவள் வாசலில் போய் நின்றேன். அலுவலகத்துக்குக் கூட்டிப் போ என்றேன். "உங்கள எல்லாரும் ஏசுவாங்க, வேணாம்" என்றாள். ஏசட்டும் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதிகாரியின் மேஜைமேல் பையைப் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு பழைய தாள்களை எடுத்துவரச் சொல்லி, விரலை ஓட்டிக்கொண்டே போனார். தினமும் மற்ற ஆறு பெட்டியும் சிவக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் என் பெட்டியின் எண் மட்டும் ஏறாமல் அப்படியே நின்றிருந்தது. "தண்டவாளம் அடிச்ச உடனே கட்டுவீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். ஆனாலும் மறுபடி மூன்று மாதம் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்க ஒவ்வொரு வாசலாக நின்று நானே சொன்னேன். "நீயா கிழவி அந்தக் காரியத்தப் பண்ணினது?" என்று இஸ்திரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, "நான்கூட ரெண்டு மூணு தடவை துணி போட்டு மூடினேன்" என்றாள். எல்லார் காலும் அதே சத்தத்துக்கு எழுந்த கால்தானே.

அந்த மூன்று மாதமும் தண்டவாளம் அடித்தால் துணியை அள்ளிவிட்டு, பெட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். அடுத்த விசாரணையில் ஏழு பெட்டியும் ஒரே மாதிரி பேசின. புகைபோக்கியில் புகையை வடிகட்டுகிற கூண்டு வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டறைக்காரர் இழுத்தடித்து இழுத்தடித்து, கடைசியில் வைத்தார்.

பொத்தான் எட்டு மாதம் கழித்துத் திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வாயைத் திறந்து சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப் பல் பாதி முளைத்திருந்தது. தையல்காரி அந்தத் தாடையைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "விழுந்த பல்லு எங்கடி?" என்று கேட்டாள். "அத்தைகிட்ட குடுத்துட்டேன்மா" என்றாள் குழந்தை. நான் மூட்டையைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

தையல்காரி இன்றைக்கும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுத்ததே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தண்டவாளம் இன்னும் அடிக்கிறார்கள். என் கால் இன்னும் எழுகிறது. கொடி வரைக்கும் போய், துணியைத் தொட்டுவிட்டு, அதை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து உட்காருகிறேன்.