டிசம்பரில் பிறந்தவர்கள்

திருவொற்றியூரில் எங்கள் கால்பந்து கிளப்பின் இளையோர் அகாடமியை நடத்தும் பொறுப்பு என்னுடையது. பயிற்சி கொடுப்பது கோச்சுகளின் வேலை, மற்றதெல்லாம் என் தலையில். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டுவதற்குள், ராயபுரம், வியாசர்பாடிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். பயிற்சி முடிந்ததும் முட்டையும் சுண்டலும் தயாராக இருக்க வேண்டும். கணுக்கால் வீங்கியவனை ஆட விடக்கூடாது. இதிலெல்லாம் நான் கெட்டிக்காரி. சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை.

எனக்குப் பிடிக்காத வேலை ஒன்றே ஒன்று. பதிமூன்று வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து அடுத்த பிரிவுக்கு யார் போகிறார்கள், யாரை அனுப்பிவிடுகிறோம் என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் வாட்ஸ்ஆப்பில் பட்டியல் போட்டுவிட்டு இருந்துவிடுவார்கள். வந்த முதல் வருடமே அதை நிறுத்தினேன். பெற்றோரை வரவழைத்து முகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்றேன். தலைமைக் கோச் புளியந்தோப்புக்காரர், பேச்சில் தேன் தடவத் தெரியாதவர். "வந்து சண்ட போடுவாங்கமா. நீயே சமாளிச்சுக்கோ," என்றார்.

மூன்றாவது வருடம் ஓர் அம்மா வந்தார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் விற்பவர். வியாபாரத்தை முடித்து, குளித்து, கஞ்சி போட்ட புடவையில் வந்திருந்தார். அவர் மகன் தடுப்பாட்டக்காரன். அணியிலேயே சிறிய உருவம். அனுப்பிவிடும் பட்டியலில் இருந்தான். 'ஆட்டம் புரிகிறது, உடம்பு பத்தவில்லை' என்று கோச் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"இன்னா மேடம் சொல்றே? ஆட்டம் வர்லன்னா சொல்லு, கூட்டிகினு போயிடறேன். உடம்பு பத்தலன்னா இன்னா அர்த்தம்?"

"மத்த பசங்க வந்து மோதுனா விழுந்துடறான்க்கா."

"மத்த பசங்க எப்போ பொறந்தாங்க? அந்த நெட்டையன் கீறான்ல, எங்க தெருதான். அவன் ஜனவரி. எம்புள்ள டிசம்பர் கடசி. அவன் எந்திரிச்சு நடக்க சொல்லோதான் இவன் என் வயித்தவுட்டே வந்தான். ரெண்டு பேரையும் ஒரே வயசுன்னு பக்கத்துல பக்கத்துல நிக்கவெச்சுட்டு, இவன் குள்ளமா கீறான்னா அது யார் தப்பு?"

கொஞ்ச நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் போனதும் பிறப்புச் சான்றிதழ் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொன்றும் நானே சரிபார்த்ததுதான். ஆனால் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் எல்லாம் ஒரே வயதுப் பிரிவு என்பதால், போலியா, எந்த வருடம் என்று பார்த்தே பழகிய கண், மாதத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தேர்வானவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள். அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் செப்டம்பருக்குப் பிறகு. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பெரிய பையன் ஸ்ட்ராங்கா கீறான், மேட்ச் ஜெயிச்சுக் குடுக்கறான். நான் இன்னாமா பண்ண?"

"பதிமூணு வயசுல ஜெயிக்கவா அண்ணே நாம அகாடமி வெச்சிருக்கோம்? பதினெட்டு வயசுல பெரிய டீம்ல ஆடறவன் வேணும். அப்போ இந்த மாச வித்தியாசமெல்லாம் இருக்காது."

விசிலை விரலில் சுற்றினார். "சரி. ஒரே சைஸ் பசங்களா பிரிச்சு ஆடவுட்டுப் பாப்போம். ரெண்டு சனிக்கெழம. அதுக்கு மேல கேக்காத."

உயரமும் எடையும் எடுத்துப் பிரித்தோம். நெட்டையனைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு விட்டோம். தோளால் தள்ளியே பழகியவன், தள்ள முடியாமல் திணறினான். குட்டிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை, காலுக்குக் கால் அழகாகக் கடத்தினார்கள். இடப்பக்கம் ஆடிய ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், பந்தைக் கேட்டுக் கேட்டு வாங்கி ஆடினான். கோச் முதல் சனிக்கிழமையே நோட்டில் நிறைய அடித்துத் திருத்தினார். கடைசியில் அனுப்பவிருந்தவர்களில் மூன்று பேரை வைத்துக்கொண்டோம்.

அந்த அம்மாவின் மகன் அந்த மூவரில் இல்லை. மறுபடியும் அவரைக் கூப்பிட்டேன்.

"இப்போ சைஸ் காரணம் இல்லக்கா. அவனோட உசரத்துக்காரங்க கூடத்தான் ஆடவிட்டோம். திரும்பறது லேட்டாவுது. அதுக்குள்ள எதிராளி தாண்டிடறான்."

"நீ பாத்தியா?"

"ரெண்டு வாரமும் கோட்டு ஓரத்துலயே நின்னு பாத்தேன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்போ சரி. மொதல்ல சொன்னியே, அத வூட்ல போயி அவன்கிட்ட சொல்ல வாய் வர்ல. இத சொல்லிடுவேன்." எழுந்தவர் வாசலில் நின்றார். "மூணு பேர எடுத்தீங்களாமே? என்னாலதான்னு அவங்க வூட்ல சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லு."

அன்றே மூன்று வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்குப் பாரம் ஏற்றும் ஒரு தகப்பனார், அந்த அம்மா தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் எந்தப் பக்கம் உட்காருவார் என்று விசாரித்துக்கொண்டார்.

இப்போது எங்கள் தேர்வுத் தாளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த மாதம் இருக்கிறது. வயதுப்படி ஒரு தடவை, உடம்புப்படி ஒரு தடவை என்று இரண்டு விதமாகவும் ஆடவிட்டுத்தான் முடிவெடுக்கிறோம். அந்த அம்மாவின் மகன் ராயபுரத்தில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்து ஆடுகிறான். வேறு கிளப்பில் சேர அவனுக்குத் தேவைப்பட்ட விடுவிப்புத் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். புதிதாக வரும் பயிற்சியாளர்களிடம் கோச், இப்படிப் பிரித்து ஆடவிடுவது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். நானும் விடுவதில்லை, அது மீன் விற்கும் ஓர் அம்மா கேட்ட கேள்வியிலிருந்து வந்தது என்று அவர் எதிரிலேயே திருத்திவிடுகிறேன்.